"ரிக்டர் எட்டு தாங்குமா?" என்று கேட்காதீர்கள்

போன வாரமும் ஒருவர் விளம்பரத் தாளோடு வந்தார். சென்னைப் புறநகரில் ஃபிளாட் வாங்கப் போகிறாராம். "நிலநடுக்கம் வந்தா ரிக்டர் எட்டு வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்காங்க சார், நம்பலாமா?" கட்டடப் பொறியாளனாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சரி, எழுதியே வைத்துவிடுகிறேன்.

ரிக்டர் என்று நாம் சொல்லும் எண், நிலத்தடியில் பாறை நழுவியபோது வெளிப்பட்ட ஆற்றலைக் குறிக்கிறது. ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண்தான். ஆனால் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் குலுக்கலோ மையத்தின் தூரம், ஆழம், அடியில் இருப்பது பாறையா களிமண்ணா என்பதைப் பொறுத்துத் தெருவுக்குத் தெரு மாறும். கோயில் ஒலிபெருக்கி எத்தனை வாட் என்பது வேறு, உங்கள் படுக்கையறையில் எவ்வளவு சத்தம் கேட்கிறது என்பது வேறு. 1993இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் வந்தது 6.2தான், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகளுக்குள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2001 குஜராத் நிலநடுக்கம் 7.7. அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சில விழுந்தன, பல நின்றன. எண் ஒன்றுதானே? ஆகவே "எட்டு தாங்கும்" என்பதற்கு அர்த்தமே கிடையாது. நாங்கள் ஐஎஸ் 1893 என்ற இந்திய நிலநடுக்கக் கட்டட விதிப்படி, அந்த ஊர் இருக்கும் நிலநடுக்க மண்டலத்தில் எதிர்பார்க்கப்படும் குலுக்கலுக்குத்தான் கணக்குப் போடுகிறோம். அதிலும் நோக்கம், பெரிய நடுக்கத்தில் விரிசல் விட்டாலும் கட்டடம் சரியாமல் ஆட்களை வெளியே விட வேண்டும் என்பதே.

"நம்ம ஊருக்கு வராது" என்பவர்களுக்கு: 1900இல் கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவில் வந்தது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் வந்ததைச் சென்னை உணர்ந்தது. 2002 நிலநடுக்க மண்டல வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு ஏற்றினார்கள்; எண் கூடினால் ஆபத்தும் கூடுதல். லாத்தூரும் அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில்தான் இருந்தது.

பில்டரிடம் கேட்க வேண்டியது வேறு. கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்தமா? மேலே சுவர்கள், கீழே வெறும் தூண்கள் என்றால் ஆட்டம் முழுவதும் அந்தத் தூண்களில்தான் இறங்கும். அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல இந்த வகை. கீழ்த்தளத்தில் கான்கிரீட் சுவர் உண்டா என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். தூணில் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் நுனி 135 டிகிரி உள்ளே மடிந்திருக்க வேண்டும். வேலை சுலபம் என்று 90 டிகிரியோடு விட்டுவிடுவார்கள். கான்கிரீட் போட்ட பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்? போடும் முன்பே போய்ப் பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள்.

குடிவந்தவர்களுக்கும் சொல்கிறேன், தயவுசெய்து தூணைக் கொத்தாதீர்கள். வாங்கிய பெரிய கார் தூண்களுக்கு நடுவே நுழையவில்லையென்றால் காரை மாற்றுங்கள், தூணை அல்ல. பைப்புக்காக பீமைத் துளைக்கும் பிளம்பரைத் தடுத்து நிறுத்துங்கள்.

பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரோடு கிளாம்ப் போட்டுப் பிணையுங்கள். கட்டில் தலைமாட்டுக்கு மேலே கனமான பொருள் வேண்டாம். ஆடும்போது படிக்கட்டுக்கு ஓடாதீர்கள். உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு சிலிண்டரை மூடிவிட்டுப் படி வழியே இறங்குங்கள். லிஃப்ட் கூடாது. அப்புறம், இரவில் மாடிப்படி கேட்டுக்குப் பூட்டுப் போடும் சங்கங்களே, அதைக் கழற்றிவிட்டு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் ஒன்று மாட்டுங்கள்.