முட்டை அலர்ஜி இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு விலக்கு பெறுவது எப்படி?

சில நாடுகளுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான சான்றிதழ் கேட்பார்கள். இந்த ஊசி மருந்துக்கான வைரஸைக் கோழி முட்டைக் கருவில்தான் வளர்க்கிறார்கள். சில தயாரிப்புகளில் ஜெலட்டினும் உண்டு. முட்டைக்கோ ஜெலட்டினுக்கோ கடுமையான அலர்ஜி உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறலாம். அரிதுதான், லட்சம் டோஸுக்கு ஒன்றிரண்டு என்ற அளவு. உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். அதனால் ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

சரி, அலர்ஜி இருப்பது உறுதி என்றால் பயணத்தைக் கைவிட வேண்டுமா? வேண்டாம். 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிமுறைகளில் 6ஆம் இணைப்பு இதற்கு வழி சொல்கிறது. ஊசி உங்களுக்கு ஆகாது என்று மருத்துவர் கருதினால், அதற்கான காரணத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதித் தர வேண்டியது அவர் கடமை. போய் இறங்கும் நாட்டின் அதிகாரிகள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊசி போடாததால் வரும் ஆபத்தையும் உங்களிடம் விளக்க வேண்டும்.

கடிதம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் முத்திரையுமாக இருக்கட்டும். 'அலர்ஜி' என்று ஒற்றை வார்த்தை எழுதினால் போதாது. எதற்கு அலர்ஜி, முன்பு என்ன நடந்தது என்பதும் வேண்டும். முட்டை சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்கள், ஊசியைக் கண்டு மயங்கியவர்கள், கை வலியோ லேசான காய்ச்சலோ வந்தவர்கள் இந்தக் காரணத்தைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது. பயத்தினால் விலக்குக் கேட்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: உயிரைப் பறிக்கும் நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

கடிதம் இருந்தால் கட்டாயம் உள்ளே விடுவார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. தொற்றுப் பகுதியிலிருந்து வருபவரை ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம், அல்லது காய்ச்சல் வந்தால் தெரிவிக்கச் சொல்லிக் கண்காணிக்கலாம். எனவே பயணத்துக்கு முன்பே அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசு பகலிலும் கடிக்கும். கடிதத்தோடு முழுக்கை சட்டையும் கொசு விரட்டியும் கட்டாயம்.

அப்புறம், முன்பே ஒரு முறை போட்டுக்கொண்டு அலர்ஜி வந்தவர்களுக்கு: முழு டோஸும் செலுத்தி, சான்றிதழும் கொடுத்திருந்தால் மறுபடி போட வேண்டியதில்லை. 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், பத்தாண்டுக் காலாவதி அச்சிட்ட பழைய அட்டையும்கூட.