கொன்சில்யேரே: பக்கத்தில் இருக்கும் ஆள்

கொன்சில்யேரே என்றால் மாஃபியா தலைவருக்கு ஆலோசனை சொல்கிறவர் என்றுதான் உலகம் அறியும். இந்த இத்தாலியச் சொல்லை நம் ஆட்கள் பல விதமாக எழுதுகிறார்கள்: கன்சிலியரி, கான்சிக்லியரி, கன்சிலியர். இத்தாலிய எழுத்தில் நடுவே ஒரு ‘ஜி’ இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அந்த ‘ஜி’ தனியாக ஒலிக்காது. அடுத்து வரும் ‘எல்’லோடு கலந்து, நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தில் ஒட்டிப் பிறக்கும் ஒரு ‘ல்ய’ ஒலியாகிவிடும். கொன்சில்யேரே என்று எழுதினால் இத்தாலியர் வாயில் வருவதற்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிடலாம். ஒருவருக்கு மேல் இருந்தால் கொன்சில்யேரி. மரியோ பூசோ 1969-ல் வெளிவந்த தன் ‘காட்ஃபாதர்’ நாவலில் இதைக் ‘கொன்சில்யோரி’ என்று எழுதியிருந்தார். இத்தாலியில் அப்படியொரு வடிவம் கிடையாது. நாவலை வைத்து எடுத்த படம் அதைத் திருத்திக்கொண்டது.

இத்தாலியில் இது கொஞ்சமும் அச்சம் தராத சொல். லத்தீனில் ‘கொன்சிலியும்’ என்றால் ஆலோசனை, கூடிப் பேசி எடுக்கும் முடிவு. அதிலிருந்து இத்தாலிய ‘கொன்சில்யோ’ வந்தது. அறிவுரைக்கும் அதே சொல், ஆலோசனை சொல்லும் அவைக்கும் அதே சொல். அந்த அவையில் உட்காருகிறவர் கொன்சில்யேரே. நகராட்சி மன்ற உறுப்பினர் ‘கொன்சில்யேரே கொமுனாலே’. தெருவிளக்கு எரியவில்லை என்றால் மக்கள் போய்ப் பார்ப்பது அவரைத்தான். நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் இருப்பவரும் கொன்சில்யேரேதான். நீதிமன்றத்தில் வழக்காடுகிறவரை ஆங்கிலத்தில் ‘கவுன்சல்’ என்கிறார்களே, அதுவும் இதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த தங்கை.

கவுன்சிலரைக் குறித்த சொல் கடல் கடந்து நியூயார்க்குக்குப் போனதும் வேறு பொருள் பிடித்துக்கொண்டது. அங்கே மாஃபியா குடும்பங்களில் தலைவர், துணைத் தலைவர், அவர்களுக்கு அடுத்து கொன்சில்யேரே. அப்புறம் படைத்தலைவர்களும் அடியாட்களும். இந்த அமைப்பின் உள்கட்டு வெளியுலகத்துக்குப் பெரிய அளவில் தெரிய வந்தது 1963-ல், மாஃபியா ஆளான ஜோசப் வலாச்சி அமெரிக்க செனட் குழுவின் முன் வாய் திறந்தபோது. நிஜக் குடும்பங்களில் கொன்சில்யேரேயின் வேலை தலைவருக்கு யோசனை சொல்வதோடு நிற்கவில்லை. கீழே இருக்கிறவர்களுக்குள் தகராறு என்றால் தீர்த்து வைப்பது, அவர்களுடைய மனக்குறையை மேலே கொண்டுபோவது, பிற குடும்பங்களோடு பேசுவது என்று எல்லாம் அவர் தலையில்தான். பேச்சுதானே வேலை, கை கறைபடாமல் இருந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நியூயார்க் மாஃபியா தலைவர்களைக் கூண்டில் ஏற்றி, 1986 நவம்பரில் தீர்ப்பான ‘கமிஷன்’ வழக்கில் லுக்கேசி குடும்பத்தின் கொன்சில்யேரே கிறிஸ்டோபர் ஃபர்னாரியும் குற்றவாளி ஆனார். அடுத்த ஜனவரியில் அவருக்கு 100 ஆண்டு சிறைத் தண்டனை. குடும்பத் தலைவருக்குக் கிடைத்த அதே தண்டனை.

ஆனாலும் இந்தச் சொல்லை உலகம் கற்றுக்கொண்டது நீதிமன்றத்திலிருந்து அல்ல, 1972-ல் வந்த ‘காட்ஃபாதர்’ படத்திலிருந்துதான். அந்தப் படத்தில் ‘மாஃபியா’ என்ற சொல் கிடையாது. மாஃபியா தலைவர் ஜோசப் கொலம்போ நடத்திய இத்தாலிய அமெரிக்கர் உரிமைச் சங்கம் எதிர்ப்புத் தெரிவிக்க, தயாரிப்பாளர் ஆல் ரடி அந்தச் சொல்லை எடுத்துவிடச் சம்மதித்தார். அதனால் பார்க்கிறவர்கள் அந்த உலகத்தை ‘டான்’, ‘குடும்பம்’, ‘கொன்சில்யேரே’ ஆகிய சொற்களின் வழியாகவே புரிந்துகொண்டார்கள். இந்த மூன்றில் கடைசிச் சொல்லுக்கு முகம் கொடுத்தவர் ராபர்ட் டுவால்.

டுவால் திரைக்கு வந்தது 1962-ல், ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ படத்தில். பூ ராட்லி என்ற அந்தப் பாத்திரத்துக்கு ஒரு வசனம்கூட இல்லை. கதவின் பின்னால் வெளிறிப்போய் நிற்கிற ஒரு மனிதன், அவ்வளவுதான். பேசாமல் நிற்பதை அங்கேயே கற்றுக்கொண்டாரோ என்று எனக்குத் தோன்றும். ஏனென்றால் பத்து ஆண்டு கழித்து அவர் ஏற்ற டாம் ஹேகன், பேசுவதையே தொழிலாகக் கொண்ட வக்கீல். ஆனால் அவருடைய நடிப்பு முழுவதும் பேசாத இடங்களில் இருக்கிறது.

ஹேகன் இத்தாலியரே அல்ல. ஜெர்மன்-ஐரிஷ் வழியில் வந்த அநாதைச் சிறுவன். தெருவில் கிடந்தவனை மூத்த மகன் சானி வீட்டுக்குக் கூட்டி வர, டான் விட்டோ கொர்லியோனே பிள்ளையாக வளர்க்கிறார். இத்தாலிய ரத்தம் இல்லாத ஒருவரை அந்தப் பதவியில் உட்கார வைத்ததற்காகப் பிற குடும்பங்கள் கொர்லியோனே குடும்பத்தை ‘ஐரிஷ் கும்பல்’ என்று ஏளனம் செய்ததாக நாவல் சொல்கிறது. நிஜ மாஃபியாவிலும் வெளி ரத்தத்துக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்காது. வீட்டுப் பிள்ளைதான், ஆனாலும் முழுக்க வீட்டுப் பிள்ளை இல்லை. டுவால் இந்த இடைவெளியை ஒரு இடத்தில்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. குடும்பம் கூடியிருக்கும் அறைகளில் அவர் நிற்கும் விதத்தைப் பாருங்கள். அரையடி தள்ளியே நிற்பார்.

டானுக்காக ஒரு காரியம் கேட்டு ஹாலிவுட் ஸ்டூடியோ முதலாளி வோல்ட்ஸைப் பார்க்கப் போகும் காட்சியில், இத்தாலியர்களை இழிவுபடுத்தும் வசைகளை அந்த ஆள் அடுக்கிக்கொண்டே போகிறான். ஹேகன் நடுவில் ஒரே ஒரு திருத்தம் செய்கிறார்: தான் ஜெர்மன்-ஐரிஷ். குரல் உயரவில்லை. அன்றிரவு விருந்து மேசையில் வோல்ட்ஸ் கத்தித் தீர்த்த பிறகு, சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி, விமான நிலையத்துக்குப் போகக் கார் கேட்கிறார். கெட்ட செய்தியை உடனே கேட்டுவிட வேண்டும் என்பது டானின் வழக்கமாம். மறுநாள் காலை வோல்ட்ஸின் படுக்கையில் அவனுடைய குதிரையின் அறுத்த தலை கிடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த ரத்தத்தைவிட எனக்கு அதிகம் பயம் தந்தது, அதற்கு முன்னால் வந்த அந்த மரியாதைதான்.

கெட்ட செய்தியை உடனே கேட்க விரும்பும் அந்த மனிதரிடம், பிறகு ஹேகனே ஒரு கெட்ட செய்தியைக் கொண்டுபோக வேண்டி வருகிறது. சானியைச் சுங்கச்சாவடியில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இரவு. ஹேகன் கையில் கோப்பையோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார். குண்டடி பட்டுத் தேறிவரும் கிழவர் மாடியிலிருந்து இறங்கி வருகிறார். மேலே மனைவி அழுகிறாள், வாசலில் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. எல்லோருக்கும் தெரிந்ததைத் தன் கொன்சில்யேரே தன்னிடம் சொல்லலாமே என்கிறார். எழுப்பிச் சொல்லத்தான் இருந்தேன் என்று ஹேகன் தடுமாற, அதற்கு முன் உனக்கு ஒரு மடக்கு தேவைப்பட்டது, இப்போது குடித்துவிட்டாய் அல்லவா என்கிறார் கிழவர். ஹேகன் சொல்லிவிடுகிறார். இரண்டு சிறு வாக்கியத்தில் முடிகிற வசனம். எதிரில் இருப்பவர் மார்லன் பிராண்டோ, அந்தக் காட்சியை அப்படியே வாரிக்கொண்டு போகக்கூடியவர். டுவால் போட்டிக்கு நிற்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அந்தத் துயரம் முழுவதும் கிழவரிடம் போய்ச் சேர வழிவிடுகிறார். தனக்கும் அங்கே ஒரு சகோதரன் செத்திருக்கிறான் என்பது கண்களில் மட்டும் தெரிகிறது.

அப்புறம் பதவி பறிபோகிறது. டானின் இளைய மகன் மைக்கேல் பொறுப்பேற்றதும், போர்க்காலத்துக்கு நீ சரிப்பட மாட்டாய் என்று சொல்லி விலக்கிவிடுகிறான். சமாதானம் சொல்வது பெரியவர்: நீ மோசமான கொன்சில்யேரே என்று நான் நினைத்ததே இல்லை, சானிதான் மோசமான டான். அந்த ஆறுதலை டுவால் வாங்கிக்கொள்ளும் முகத்தில் கோபம் இல்லை, அடிபட்ட பிள்ளையின் திகைப்புதான் இருக்கிறது.

இந்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது. அதே படத்திலிருந்து அல் பச்சினோ, ஜேம்ஸ் கான், டுவால் மூன்று பேரும் ஒரே பிரிவில் போட்டியிட்டார்கள். விருது ‘கேபரே’ படத்தின் ஜோயல் கிரேவுக்குப் போனது. அந்தப் பிரிவின் பெயரை நம் பத்திரிகைகள் ‘சிறந்த துணை நடிகர்’ என்று எழுதும். கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்கிறவர் என்றுதான் பொருள். டுவால் செய்ததற்கு நம்மிடம் வேறு சொல் இருக்கிறது: குணச்சித்திர நடிப்பு. 1990-ல் வெளிவந்த மூன்றாம் பாகத்தை எடுத்தபோது பச்சினோவுக்கும் தனக்கும் பேசிய சம்பளத்தில் இருந்த பெரிய வித்தியாசத்தால் டுவால் நடிக்க மறுத்துவிட்டார். ஹேகன் இல்லாத அந்தப் படத்தில் மைக்கேலின் பக்கத்தில் ஒரு வெற்றிடம் கடைசிவரை தெரிந்துகொண்டே இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

அகராதி சட்டென்று தருவது ‘ஆலோசகர்’. பிழையில்லை. ஆனால் வரி ஆலோசகர், திருமண ஆலோசகர் என்று அலுவலகப் பலகையில் படித்துப் படித்து அந்தச் சொல்லில் உறவு வற்றிவிட்டது. ‘மந்திரி’ ஒரு காலத்தில் மிகச் சரியான சொல். மந்திரம் என்றால் மறைவாகக் கலந்து பேசுவது. அதைச் செய்பவன் மந்திரி. இன்று அதைக் கேட்டதும் கொடி கட்டிய கார்தான் கண்ணில் வருகிறது. ‘வலது கை’ என்பது துணைத் தலைவருக்குப் பொருந்தும், இவருக்குப் பொருந்தாது. ‘மதியுரைஞர்’ என்ற சொல் ஈழத்து எழுத்தில் நன்றாகப் புழங்கியது. அழகான சொல், எனக்குப் பிடிக்கும்.

இன்னும் பின்னால் போனால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பழந்தமிழில் ஆலோசிப்பதற்குச் ‘சூழ்தல்’ என்று பெயர். ஆலோசனை சொல்கிறவர்களைத்தான் வள்ளுவர் ‘சூழ்வார்’ என்கிறார். மன்னன் அவர்களைக் கண்ணாகக் கொள்ள வேண்டும் என்கிறது 445-ஆம் குறள். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று 671-ஆம் குறளில் வரும் சூழ்ச்சிக்கு ஆராய்ச்சி, ஆலோசனை என்றுதான் பொருள். இன்று சூழ்ச்சி என்றால் சதி. ஊர் கவுன்சிலரைக் குறித்த கொன்சில்யேரே எந்தப் பாதையில் போய் இருட்டறைக்குள் நுழைந்ததோ, நம் சூழ்ச்சியும் அதே பாதையில் போயிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்களை வெளியே நிற்கிறவர்கள் நம்புவதில்லை போலும்.

ஆனால் டுவாலின் ஹேகனுக்கு நான் தேடிய சொல் 638-ஆம் குறளில் கிடைத்தது:

‘அறிகொன்று அறியான் எனினும் உறுதி
உழையிருந்தான் கூறல் கடன்.’

தலைவன் தானாகவும் அறியமாட்டான், அறிந்தவர் சொல்வதையும் அழித்துவிடுவான். அப்படியே இருந்தாலும் நன்மை தருவதை எடுத்துச் சொல்வது ‘உழையிருந்தான்’ கடமை. உழை என்றால் பக்கம். அமைச்சனைக் குறிக்க அறிவையோ பதவியையோ சொல்லாமல், பக்கத்தில் இருந்தவன் என்கிறார் வள்ளுவர். இரண்டாம் பாகத்தில், நீதான் ஜெயித்துவிட்டாயே, எல்லோரையும் அழித்தே ஆக வேண்டுமா என்று மைக்கேலிடம் ஹேகன் கேட்கும் இடம் இந்தக் குறளுக்கு எழுதிய உரை போலவே இருக்கும். எல்லோரையும் இல்லை, என் எதிரிகளை மட்டும்தான் என்று பதில் வருகிறது. ஹேகன் எழுந்து போவதில்லை.

சிக்கல் என்னவென்றால், ‘உழை’ என்றதும் இன்றைய வாசகருக்கு உழைப்புதான் நினைவுக்கு வரும். உழையர் என்று எழுதினால் தொழிலாளி என்று படித்துவிடுவார்கள். எனவே இத்தாலிய நகராட்சியைப் பற்றி எழுதினால் ‘மன்ற உறுப்பினர்’, நிறுவனத்தைப் பற்றி எழுதினால் ‘இயக்குநர்’, மாஃபியா பற்றிய கட்டுரையில் ‘மதியுரைஞர்’ என்று போடலாம். அந்த ஒரு காட்சிக்கு மட்டும், கிழவர் மாடியிலிருந்து இறங்கி வரும் இரவுக்கு, தமிழில் சப்டைட்டில் எழுதச் சொன்னால் மூன்றும் வேண்டாம் என்பேன். ‘நீதானேப்பா என் பக்கத்தில் இருக்கிறவன், நீயே சொல்’ என்று எழுதிவிடுவேன்.