பாவித்த எலெக்ட்ரிக் கிற்றார் வாங்கினால் முதலில் துடைக்க வேண்டியது உப்பை

மட்டக்களப்பில் பாவித்த எலெக்ட்ரிக் கிற்றார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இளம் பிள்ளைகள். சேர்ச்சில் வாசிக்கிறவர்கள், கலியாண வீடுகளில் பைலா வாசிக்கத் தொடங்குகிறவர்கள். கிற்றார் வீட்டுக்கு வந்ததும் உடம்பை மினுக்கத்தான் கை போகிறது. நான் கிற்றார் திருத்துகிறவன். என் மேசைக்கு வருபவற்றில் அழுக்கால் கெட்டதைவிடத் துடைத்துக் கெட்டதே அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன்.

நம்முடைய ஊரில் கிற்றாரைத் தின்பது தூசியல்ல, உப்பு. கல்லடி, நாவலடிப் பக்கம் ஒரு புறம் கடல், மறு புறம் வாவி. காற்றோடு வரும் உப்பு உலோகத்தில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வியர்வையிலும் உப்புத்தான். அதனால் பாவித்த கிற்றார் கையில் கிடைத்தால், உடம்பின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜைப் பாருங்கள். ஒவ்வொரு தந்திக்கும் கீழே உள்ள சாடிலை ஏற்றி இறக்கும் குட்டித் திருகாணிகள்தான் முதலில் கறள் பிடிக்கும். அவை இறுகிவிட்டால் அலன் கீயைப் போட்டு முறுக்கக் கூடாது. ஆணித் தலையின் உள்பக்கம் வழுக்கிப் போனால் பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டிவரும். கறள் இளக்கும் எண்ணெயை ஊசி முனையில் ஒரு துளி தொட்டு வைத்து, இரவு முழுக்க விடுங்கள். அப்போதும் அசையவில்லையா, சோல்டரிங் அயனின் முனையை ஆணித் தலையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கினால் பெரும்பாலும் இளகும். பொறுமைதான் இதில் பாதி வேலை.

அடுத்தது ஃபிங்கர்போர்ட், அதாவது கழுத்தில் விரல் வைத்து அழுத்தும் பலகை. கறுப்பாகப் படிந்திருப்பது வியர்வையும் தோலும் சேர்ந்த அழுக்கு. தந்திகளைத் தளர்த்திய பிறகே வெட்டிக் கழற்றுங்கள். ரோஸ்வுட், எபொனி போன்ற கருநிற மரப் பலகை என்றால், பழைய பல் பிரஷில் லைட்டருக்கு ஊற்றும் பெற்றோலைக் கொஞ்சம் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் போதும். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். காய்ந்த பிறகு, கிற்றாருக்கென்று விற்கும் லெமன் ஒயில் சில துளி. பத்து நிமிடம் விட்டு, மிச்சத்தை முழுவதும் துடைத்து எடுங்கள். வருடத்தில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் எதற்கும் அதுதான் மருந்து என்பதால் நல்ல மனதோடுதான் பூசுகிறார்கள். ஆனால் அது பலகையில் தங்கிப் பிசுபிசுத்து, இன்னும் அழுக்கைச் சேர்த்து, நாட்பட்டால் சிக்கு வாடையும் அடிக்கும். மேப்பிள் பலகைக்கு மேலே லாக்கர் பூச்சு இருந்தால் எந்த எண்ணெயும் தேவையில்லை. ஈரம் பிழிந்த துணி போதும்.

ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் கம்பிகள் பச்சை பூத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை செம்பு, நிக்கல், நாகம் கலந்த உலோகம். செம்பு இருக்கும் இடத்தில் பச்சை வரத்தான் செய்யும். பலகையை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, 0000 இலக்க ஸ்டீல் வூலால் தேய்த்தால் பளிச்சென்று வரும். ஆனால் அதற்கு முன், தந்திகளுக்குக் கீழே இருந்து சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்களையும் கட்டாயம் மூடுங்கள். பிக்கப்பில் இருப்பது காந்தம். உதிரும் இரும்புத் துகள் அதில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. பானை தேய்க்கும் கம்பி முரடு, அது ஆகாது.

வொலியூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் உடனே மாற்றச் சொல்லாதீர்கள். கொன்டாக்ட் கிளீனரைக் குமிழுக்கு அடியில் இருக்கும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகமான பொட்டுக்குள் ஒரு சின்னப் பீச்சல் அடித்து, இருபது முப்பது தடவை முழுவதுமாகத் திருப்பிவிட்டால் பலவும் சரியாகிவிடும். கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கும் ஸ்பிரே அதற்குப் பதில் அல்ல. அது உள்ளே இருக்கும் கிறீஸைக் கரைத்துவிட்டுப் பிசினை விட்டுவைக்கும். கேபிள் சொருகும் ஜாக்கின் உள்நாக்கையும் ஒருமுறை துடையுங்கள், அங்கேயும் கறள் வரும். உள்ளே பிரிட்ஜுக்குப் போகும் ஒரு தனிக் கம்பி இருக்கும். அது விடுபட்டால் இரைச்சல் கூடும். அந்தக் கம்பி வழியாகத்தான் உங்கள் தந்திகள் அம்பிளிஃபயரின் எர்த்தோடு சேர்கின்றன. எனவே எர்த் இல்லாத பிளக்கில் 230 வோல்ட் அம்பிளிஃபயரைப் போட்டு வாசிக்காதீர்கள். தந்தியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டால் ஷொக் அடிக்கலாம். அது விளையாட்டல்ல.

சரி, இனி உடம்பு. இன்றைய கிற்றார்களில் பெரும்பாலானவை பொலியூரிதேன் அல்லது பொலியெஸ்டர் பூச்சு. அவை கெட்டியானவை. ஈரத்துணிக்குப் பிறகு கிற்றார் பொலிஷ் போடலாம். பழைய, விலை கூடியவற்றில் நைட்ரோசெலுலோஸ் பூச்சு இருக்கலாம். அதில் ஸ்பிரிட் பட்டால் பூச்சு இளகிவிடும். ரப்பர் பிடித்த ஸ்டாண்டில் நாட்கணக்கில் வைத்தாலும் அடையாளம் விழும். சந்தேகம் என்றால் பின் தகட்டைக் கழற்றி, மறைவான இடத்தில் முதலில் தொட்டுப் பாருங்கள். கார் பொலிஷ், மரத்தளபாடப் பொலிஷ் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். பிறகு எப்போதாவது பெயின்ற் திருத்த வேண்டிவந்தால் அந்த இடத்தில் பெயின்ற் பிடிக்காது. பற்பசை போட்டுத் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் துகள் பூச்சைக் கீறும்.

கிற்றாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். மாரியில் நம் வீட்டில் அது கனவு. சிலிக்கா ஜெல் பைகளைக் கேஸுக்குள் போட்டு, வாரம் ஒருமுறை கேஸைத் திறந்து காற்றுப்படுத்துங்கள். ஈரமான கிற்றாரைக் கேஸுக்குள் மூடவே வேண்டாம். கச்சான் காற்றுக் காலத்தில் பலகை காய்ந்து சுருங்கி ஃபிரெட் நுனிகள் வெளியே நீட்டிக் கையைக் கீறும். அப்போது வெயில் பிடிக்கும் சுவரில் சாய்க்காமல் வையுங்கள். கீறல் நிற்கவில்லை என்றால் திருத்துகிறவரிடம் கொடுத்து நுனிகளை அராவச் சொல்லுங்கள். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் ட்ரஸ் ரொட் என்ற உலோகக் கம்பியை யாரும் காட்டித்தராமல் நீங்களாகத் திருப்ப வேண்டாம். திருப்பத் தெரிந்தவர்களும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போவதில்லை.