பின்னட்டையில் 'ஆப்பிரிக்காவின் குரல்' போதும்

இன்னொரு நாவல், இன்னொரு பின்னட்டை, அதே 'ஆப்பிரிக்காவின் குரல்'. தமிழ் மொழிபெயர்ப்புகளில், பிரெஞ்சில் எழுதும் ஆப்பிரிக்க நாவலாசிரியர்களைப் பற்றிய ஆசிரியர் குறிப்புகளைத் திருத்துகிறவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். பெரும்பாலும் ஆங்கிலப் பதிப்பின் அட்டையிலிருந்து அப்படியே இறங்கியிருக்கும். எழுத்தாளரோ அந்தப் பட்டத்தை மறுத்தே பல பேட்டிகள் கொடுத்திருப்பார்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒரே குரலா என்ற கேள்வியை விடுங்கள். தாங்கள் யார் என்பதை இவர்கள் நாவலுக்குச் சமமான கவனத்தோடு தீர்மானித்திருக்கிறார்கள். ஒருவர் சொல்வதற்கு அடுத்தவர் நேர் எதிர். கேமரூனின் மோங்கோ பெத்தி தன் இனத்தின் பெயரையே புனைபெயரில் வைத்துக்கொண்டார். பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்தபடியே அந்நாட்டின் காலனியப் போக்கைத் தாக்கினார். கேமரூன் பற்றிய அவருடைய நூலைப் பிரான்ஸ் 1972-ல் தடை செய்தது. பிற்காலத்தில் கேமரூன் தலைநகர் யவுண்டேவுக்குத் திரும்பிப் புத்தகக் கடை வைத்தார். டோகோவின் கோசி எஃபுயியோ ஆப்பிரிக்க இலக்கியம் என்று ஒன்றே இல்லை என்கிறவர். கேமரூனின் துவாலாவில் பிறந்த லெயோனோரா மியானோ, ஐரோப்பாவில் வாழும் கறுப்பினத்தவரை 'ஆஃப்ரோப்பியன்' என்ற அடையாளத்தோடு எழுதுகிறார். மரீ என்தியாய் 1967-ல் பிரான்சின் பித்திவியேவில் பிறந்து பிரெஞ்சுத் தாயிடம் வளர்ந்தவர்; தந்தை செனகல்காரர். ஆப்பிரிக்க எழுத்தாளர் என்ற அடையாளத்தை அவர் ஏற்பதில்லை. பெயரையும் புகைப்படத்தையும் பார்த்துக் குடியுரிமை வழங்குவது நம் வேலையா?

சரி, 'ஃபிராங்கோபோன் எழுத்தாளர்', அதாவது பிரெஞ்சு மொழி எழுத்தாளர், என்று போட்டுவிடலாம் என்பார்கள். அதிலும் வம்பு இருக்கிறது. பாரிஸில் பிறந்த வெள்ளைக்காரரும் பிரெஞ்சில்தான் எழுதுகிறார், அவரை யாரும் அப்படி அழைப்பதில்லை. இந்த மையம்–விளிம்புப் பிரிவினையை எதிர்த்து 2007 மார்ச்சில் 'லெ மோந்த்' நாளிதழில் 44 எழுத்தாளர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் கையெழுத்திட்ட காங்கோவின் அலேன் மபாங்கூ, 2018-ல் அதிபர் மக்ரோனின் பிரெஞ்சு மொழித் திட்டத்தில் சேர மறுத்து பகிரங்கக் கடிதமே எழுதினார்.

அடுத்தது 'முதல்' என்ற சொல். செனகலின் முகமது ம்பூகார் சார் 2021-ல் பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கோன்கூரைப் பெற்றதும் 'கோன்கூர் வென்ற முதல் ஆப்பிரிக்கர்' என்று எழுதித் தள்ளினார்கள். 1987-லேயே மொராக்கோவின் தாஹர் பென் ஜெல்லூன் வாங்கிவிட்டார். மொராக்கோ ஆப்பிரிக்காவில்தானே இருக்கிறது! 'முதல் கறுப்பினத்தவர்' என்றால் அதுவும் தவறு: 1921-ல் பிரெஞ்சு கயானா குடும்பத்தைச் சேர்ந்த ரெனே மரான். 'சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவின் முதல் எழுத்தாளர்' என்று முழுசாக எழுதுங்கள், நீளமாகத்தான் இருக்கும்.

புனைபெயர் விஷயத்தில் யாஸ்மினா கத்ராவிடம் மாட்டாதவர்கள் குறைவு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஓர் ஆண். அல்ஜீரிய ராணுவ அதிகாரியான அவர், ராணுவத் தணிக்கையிலிருந்து தப்ப மனைவியின் பெயர்களைப் போட்டுக்கொண்டு எழுதினார். 2001-ல் தான் யார் என்று வெளியே சொன்னார். தமிழில் 'அவர்' என்று நிறுத்தினால் தப்பித்துவிடலாம். 'பெண் எழுத்தாளர்' என்று ஆர்வக்கோளாறில் சேர்க்கும்போதுதான் கெடுகிறது.

பதிப்புரிமைப் பக்கத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள். சாரின் பரிசு நாவல் பாரிஸின் பிலிப் ரே, செனகலின் ஜிம்சான் இருவரும் சேர்ந்து வெளியிட்டது. ஜிம்சானை விட்டுவிட்டால் அந்தக் கூட்டு முயற்சியின் அரசியலே போய்விடும். ஐவரி கோஸ்ட்டின் அமாது குரூமா முதல் நாவலை 1968-ல் கனடாவின் மொன்றியலில் வெளியிட்டார். பாரிஸ் பதிப்பு வந்தது 1970-ல். 'முதல் பதிப்பு: பாரிஸ்' என்று அச்சிடுவது, முதலில் கைப்பிரதியை மறுத்த பாரிஸுக்கே பெருமையைத் தருவது. பாரிஸின் கலிமார் பதிப்பகம் 2000-ல் தொடங்கிய 'கறுப்புக் கண்டங்கள்' வரிசையில் வந்த நூலென்றால், வரிசையின் பெயரையும் குறியுங்கள். கறுப்பின எழுத்தாளர்களைத் தனி அலமாரியில் ஒதுக்குகிறார்கள் என்று அந்த வரிசைமேல் பழைய புகார் உண்டு. ருவாண்டாவின் ஸ்கொலாஸ்தீக் முகசோங்காவின் நாவல் அதே வரிசையிலிருந்துதான் 2012-ல் பிரான்சின் இன்னொரு பெரிய இலக்கியப் பரிசான ரெனோதோவை வென்றது.

குறிப்பு எழுதும் முன் பிரெஞ்சு மூலப் பதிப்பின் ஆசிரியர் குறிப்பைத் தேடி எடுங்கள். சமீபத்திய பேட்டிகள் இரண்டையாவது படியுங்கள். பிறந்த ஊர், வளர்ந்த ஊர், வாழும் ஊர் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். குடியுரிமை மாறுவதுண்டு, ஆகவே குறிப்பு எழுதிய வருடத்தைக் கீழே போடுங்கள். அட்டைக்குச் சூரிய அஸ்தமனமும் ஒற்றை மரமும் வேண்டாம், கதை நடப்பதோ ஏதாவது துறைமுக நகரத்து மதுக்கடையிலாக இருக்கும்!

முன்னுரை எழுதுகிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மியானோவின் முதல் நாவல் 2010-ல் ஆங்கிலத்தில் வந்தபோது, அதில் சேர்த்த முன்னுரையை அவரே பகிரங்கமாக எதிர்த்தார். உங்கள் முன்னுரையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதி, மொழிபெயர்ப்பு உரிமை தந்தவர் வழியாக ஆசிரியருக்கு அனுப்பிவையுங்கள். பதில் வர ஒரு மாதம்கூட ஆகலாம். புத்தகக் கண்காட்சி தேதியைக் காட்டி அவசரப்படுத்தாமல் அதுவரை அச்சகத்தை நிறுத்தி வையுங்கள்.