பிச்சிக்கும் 26, குண்டுமல்லிக்கும் 26

தோவாளைச் சந்தையில் குவியும் பிச்சி, குண்டுமல்லி, முல்லை மூன்றுக்குமே பொதுவாகச் செல்லுக்கு 26 குரோமோசோம்கள்தான் (மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகள்). மூன்றையும் பிரித்தறிய எண்ணிக்கை உதவாது. இலையைப் பார்த்தாலே போதும். குண்டுமல்லிக்கு ஒற்றை இலை. பிச்சியில் காம்பின் இருபுறமும் சிற்றிலைகள். முல்லையில் பெரிய இலையின் அடியில் காது மாதிரி இரண்டு துணுக்குகள்.

எண்ணிக்கை பேசுவது வேறு இடத்தில். மல்லிகைப் பேரினத்தின் அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியில் உள்ள குரோமோசோம்கள், 13. அதன் இரு மடங்கு 26, மும்மடங்கு 39. அதே குடும்பத்து ஆலிவ் மரத்துக்கோ 46, அதாவது 23இன் இரு மடங்கு. குடும்பத்துக்குள் ஆலிவ் கிளையையும் மல்லிகைக் கிளையையும் பிரிக்க இது வலுவான சான்று.

குரோமோசோம்களை எண்ண ஏற்றது வேர்நுனி. குச்சியை ஈரமணலில் நட்டு, புதுவேர் 1 செ.மீ. வளர்ந்ததும் காலையில் நறுக்க வேண்டும். 0.002 மோலார் 8-ஹைட்ராக்சிகுவினோலின் கரைசலில் 3 முதல் 4 மணி நேரம் குளிர்ச்சியாக வைத்தால், பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் பாதியில் நின்றுவிடும். குரோமோசோம்கள் குட்டையாகி விலகி நிற்கும். பிறகு எத்தனால் 3 பங்கு, அடர் அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த திரவத்தில் 24 மணி நேரம். இதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும். வைத்திருந்தால் இரண்டும் வினைபுரிந்து எஸ்டராகிவிடும்.

அடுத்து 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரி செல்சியஸில் 8 முதல் 10 நிமிடம். இது குறைந்தால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. கூடினால் சாயம் பிடிக்காது. கழுவி, 2 சதவீத அசிட்டோ ஆர்சீன் சாயத்தில் ஊறவைத்து, நுனியின் 2 மி.மீ. மட்டும் எடுத்து, மூடுகண்ணாடி வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். கண்ணாடி பக்கவாட்டில் நகர்ந்தால் செல் கிழிந்து 26 என்பது 24 ஆகும்; ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் 25 ஆகும். மல்லிகையின் குரோமோசோம்கள் பொடிசு வேறு. 1000 மடங்கு பெருக்கத்தில், சிதையாத பத்துப் பதினைந்து செல்களாவது ஒரே கணக்கைக் காட்டினால்தான் நம்பலாம்.

குண்டுமல்லி இனத்திலேயே 39 உள்ள வகைகளும் உண்டு. மூன்று தொகுதிகள் மகரந்தம் உருவாகும்போது சமமாகப் பிரிய முடியாததால் பெரும்பாலான மகரந்தம் மலடாகும். குச்சி வைத்தே பெருக்குவதால் பூக்காரருக்கு நட்டமில்லை. ஆனால் காய்க்காததெல்லாம் மும்மடங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது: அடுக்குமல்லியில் மகரந்தத்தாள்களே இதழாகிவிடும், 26 உள்ள குண்டுமல்லியும் அரிதாகவே காய்க்கும். சந்தேகம் வந்தால் முதலில் மகரந்தத்தை அசிட்டோகார்மைன் சாயத்தில் பார்த்துவிடலாம். நல்ல துகள் சிவந்து உருண்டையாக நிற்கும். மலட்டுத் துகள் சுருங்கி வெளிறிக் கிடக்கும். வெளிறியதே மிகுதியாகத் தெரிந்த பிறகு வேர்நுனிக்குப் போனால் போதும்.