மெடோ என்பது மேய்ச்சல் நிலமா?

இங்கிலாந்தின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றின் தமிழ்க் குரலில், 'மெடோ' (meadow) என்னும் ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் 'மேய்ச்சல் நிலம்' என்றே ஒலித்தது. திரையிலோ முழங்கால் உயரப் புல்லும் பூவுமாக நின்றதே தவிர, ஒரு மாட்டையும் காணோம். இந்தப் பெயர்ப்பை நான் கேட்பது முதல் முறையன்று.

பழைய ஆங்கிலத்திலிருந்து வரும் 'மெடோ', புல் அறுத்தலைக் குறிக்கும் 'மோ' என்னும் வினைக்கு உறவுடையது. குளிர்காலத் தீவனத்துக்காகப் புல்லை வளரவிட்டு, கோடையில் அறுத்து உலர்த்தும் நிலமே மெடோ. மாடு மேயும் நிலத்துக்கு ஆங்கிலத்தில் 'பாஸ்ச்சர்' என்று தனிச்சொல் உண்டு.

அறுப்புக்குப் பின் மாடு விடுகிறார்களே என்று சிலர் மறுப்பார்கள். விடுகிறார்கள்தான்; 'ஆஃப்டர்மாத்' என்ற சொல்லே அறுத்தபின் துளிர்க்கும் புல்லைக் குறித்துப் பிறந்ததுதான். ஆனால், கதிரறுத்த வயலில் மாடு தாள் மேய்வதற்காக நன்செய்யை நாம் மேய்ச்சல் நிலம் என்பதில்லையே! வசந்தத்தில் மாட்டை விலக்கி வைப்பதால்தான் செடிகள் பூத்து விதை முற்றுகின்றன. சிவப்புக் குளோவர் செடியின் குழல்போன்ற பூக்களில் நீள்நாக்குப் பம்பிள் தேனீக்கள் தேனெடுக்கின்றன. 'மெடோ பிரவுன்' வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் புல்லைத் தின்று வளர்கின்றன. அறுத்த புல்லை அள்ளிச் சென்றுவிடுவதால் மண்ணில் ஊட்டம் மிகுவதில்லை; முரட்டுப் புற்களும் பூச்செடிகளை அமுக்குவதில்லை. புல்லின் வேரை உறிஞ்சி வாழும் 'யெல்லோ ராட்டில்' செடியும் இதற்கு உதவுகிறது. (இதையும் ஒருவர் 'கிலுகிலுப்பை' ஆக்கியிருந்தார், காய்ந்த காய்க்குள் விதை குலுங்குவதைத் தவிர, நம் கிலுகிலுப்பைக்கும் அதற்கும் உறவில்லை.)

உழுதும், உரமிட்டும், விதை முற்றுமுன் அறுத்தும், 1930களுக்குப் பின் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பூ நிறைந்த வெளிகளில் ஏறத்தாழ 97 விழுக்காடு மறைந்தது. 'மேய்ச்சல் நிலம் அழிந்தது' என்று தமிழில் படிப்பவர், பாவம், மாடுகளுக்காகத்தான் வருந்துவார்.

அப்படியானால் மெடோவைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'பூம்புல்வெளி' இனிய சொல்தான். எனினும் அது ஒரு பருவத்தின் தோற்றத்தைச் சொல்கிறதே அன்றி, அத்தோற்றத்துக்குக் காரணமான அரிவாளைச் சொல்லவில்லை. வெறும் 'புல்வெளி'யோ நீலகிரியின் சோலைகளுக்கிடையே இயற்கையாய் விரிந்த நிலத்துக்கும் பொதுவாகிவிடுகிறது.

அறுத்த பயிரின் அடித்தட்டையை 'அரிதாள்' என்கிறோம். அதே வினைத்தொகை அமைப்பில் மெடோவை 'அரிபுல்வெளி' எனலாம் என்பது என் துணிபு. அது உடனே விளங்காது என்பவர்கள் 'புல்லறுப்பு வெளி' என்று எழுதட்டும்.