ஃபேடு: வெளிறிய, மங்கிய, சாயம் போன

துணிக்கடையில் ‘ஃபேடு ஜீன்ஸ்’ என்றால் விலை கூடுதல். வீட்டில் ‘சட்டை ஃபேடு ஆயிடுச்சு’ என்றால் அது கரித்துணி ஆகப்போகிறது. இரண்டிலும் சங்கதி ஒன்றுதான்: நிறம் குறைந்திருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. இன்றைய பிரெஞ்சிலும் உப்பு உறைப்பு இல்லாத சாப்பாட்டை ‘ஃபாத்’ என்பார்கள். சப்பென்று இருக்கிறது என்று பொருள். அதற்கும் பின்னால் ‘ஃபாத்துவுஸ்’ என்ற லத்தீன் சொல்லின் கலப்பு இருக்கலாம் என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். அதன் பொருள்: அறிவற்ற, சுவையற்ற.

நம் ‘வெளிறு’ம் இதே வழியில் போயிருப்பதுதான் வேடிக்கை. ‘வெள்’ என்ற வேரில் பிறந்த சொல் இது. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வரும் ‘வெளிற்றுப் பனந்துணி’ வயிரம் பாயாத இளம்பனையின் துண்டு. வள்ளுவர் ‘இன்மை அரிதே வெளிறு’ (503) என்னும்போது அது அறியாமை. 844ஆம் குறளில் ‘வெண்மை’யும் அறிவின்மைதான். சொல்லப்போனால், நிறம் போனது, முற்றாதது, விவரம் இல்லாதது மூன்றையும் ஒரே வேர் சுமக்கிறது.

சரி, ஃபேடுக்கு ஒரே தமிழ்ச் சொல் போதுமா? போதாது. துவைத்த தண்ணீரில் நிறம் இறங்கினால் ‘சாயம் போகிறது’. வெயிலிலும் உரசலிலும் நிறம் குறைந்தால் ‘வெளிறுகிறது’. பித்தளைக் குத்துவிளக்கு பளபளப்பு இழந்தால் ‘மங்குகிறது’. அதை வெளிறியது என்று யாரும் சொல்வதில்லை. வெள்ளை வேட்டியோ ‘பழுப்பேறும்’. கறுப்புக் குடைத்துணிக்கு ‘நரைத்துவிட்டது’ என்பது எனக்குப் பிடித்த பிரயோகம்.

ஜீன்ஸுக்கு ‘வெளிறிய’ சரியாகப் பொருந்தும். அதில் அவுரி நீலம் நூலின் மேற்பரப்பில்தான் பிடித்திருக்கும், நடு வெள்ளையாகவே நிற்கும். முழங்காலிலும் பாக்கெட் ஓரத்திலும் உரச உரச மேல்நீலம் தேய்ந்து அந்த வெள்ளை வெளியே தெரிகிறது.

ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்கலாம். ‘வெளிர் நீலம்’ என்பது முதலிலேயே இளநிறமாகச் சாயமேற்றியது. ‘வெளிறிய நீலம்’ ஒரு காலத்தில் அடர்நீலமாக இருந்தது. விளம்பரங்களில் இந்த இரண்டும் இடம் மாறி வருவது சர்வசாதாரணம்.